கூலி யாருடையது?

1853-ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் இருந்த சிறு வழக்குமன்றம் ஒன்றில், குதிரை வண்டியைச் செப்பனிட்ட வகையில் நிலுவை நின்ற ஒரு கடன் விசாரணைக்கு வந்தது. வண்டியில் சென்று வந்தவர் மனைவி. ஆனால், வழக்குத் தொடுக்கப்பட்டதோ கணவர்மீது. மணமான பெண் ஒருத்தி தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ, கடனுக்குப் பொறுப்பேற்கவோ அன்றைய இங்கிலாந்துச் சட்டம் இடந்தரவில்லை. கணவர் என்ன செய்தார்? மனைவியின் வங்கிக் கணக்கையும், அவருடைய நூல்களை வெளியிட்டவர்களையும் மன்றத்துக்கு வரவழைத்தார். அந்த அம்மையார் தம் எழுதுகோலால் எவ்வளவு ஈட்டுகிறார் என்று ஊரறியக் கணக்குக் கேட்டார். ஆண்டுதோறும் இன்ன தொகை தருவேன் என்று தாமே கையொப்பமிட்டுத் தந்திருந்த பத்திரம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்றும் வாதாடினார். கணவனும் மனைவியும் சட்டப்படி ஓராள்; ஒருவன் தன்னோடு தானே ஒப்பந்தம் செய்துகொள்வது எங்ஙனம் என்பது அவர் வாதம்.

அந்த அம்மையார் கரோலின் நார்ட்டன். நாடக ஆசிரியர் ஷெரிடனின் பேத்தி. கவிதையும் நாவலும் எழுதிப் பெயர் பெற்றவர். கணவர் ஜார்ஜ் நார்ட்டன் ஒரு நீதிபதி. அவர்கள் பிரிந்து வாழத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. பதினேழு ஆண்டுகளாக ஒரு கூரையின்கீழ் வாழாத ஒருவர், அவள் இரவெல்லாம் விழித்து எழுதிய நூலின் ஊதியம் தமக்கே உரியது என்று சொல்ல முடிந்தது. அவர் சொன்னது சட்டப்படி பிழையும் அன்று.

விக்டோரியா அரசியார் ஆண்ட காலம் 1837 முதல் 1901 வரை. ஒரு பெண் முடிசூடி, உலகின் பெரும் பகுதிக்கு ஆணை பிறப்பித்த அந்தக் காலத்தில், அவருடைய குடிமகளாகிய மனைவி ஒரு வாடகைச் சீட்டில் கையொப்பமிட்டால் அது செல்லாது. இந்த முரண்பாட்டை நார்ட்டன் அம்மையார் கவனிக்காமல் இல்லை. 1855-இல் அவர் தம் குறைகளை எழுதியது நாடாளுமன்றத்துக்கு அன்று. அரசியாருக்கே ஒரு மடலாக எழுதி அச்சிட்டார்.

துன்பத்திலிருந்து விடுபட விரும்பிய அக்காலப் பெண்களைப் பற்றிப் படிக்குந்தோறும் நமக்குள் ஒரு கேள்வி எழுகிறது. தன்னுரிமை என்பது யாது? உழைத்துச் சம்பாதித்தால் தன்னுரிமை வந்துவிடும் என்று பொதுவாகச் சொல்கிறோம். பெண் வேலைக்குப் போகிறாள், ஆகவே அவள் விடுதலை பெற்றுவிட்டாள் என்று இக்காலத்திலும் மேடைகளில் பேசக் கேட்கிறோம். அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்று உரைத்துப் பார்க்க விக்டோரியா காலத்து இங்கிலாந்தைவிடத் தக்க உரைகல் கிடைப்பது அரிது.

அங்கே பெண்கள் உழைக்காமல் இருந்ததே இல்லை. கவென்ட்ரி பேட்மோர் என்னும் கவிஞர் 1854 முதல் வெளியிட்ட நெடும்பாடலின் பெயரே 'இல்லத்துத் தேவதை'. அப்பெயர் இல்லறப் பெண்ணுக்கு இலக்கணமாகவே நாட்டில் பரவியது. அந்தத் தேவதைகளின் இல்லங்களில் அடுப்பைக் கரி துடைத்து மூட்டியவர்கள் யார்? 1891-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் வீட்டு வேலை செய்த பெண்கள் மட்டும் 13 இலட்சத்துக்கு மேல். லங்காஷயர் நெசவாலைகளில் இயந்திரங்களின் முன் நின்றவர்களில் பெரும்பகுதி பெண்களே. 1863-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இலண்டனில் அரண்மனைச் சீமாட்டிகளுக்கு உடை தைக்கும் கடை ஒன்றில் வேலை செய்த மேரி ஆன் வாக்லி என்னும் இருபது வயதுப் பெண், புதிதாய் வந்த இளவரசியாரை வரவேற்கும் நடன விருந்துக்கான உடைகளை இருபத்தாறரை மணி நேரம் ஓயாமல் தைத்தபின் நோயுற்று இறந்துபோனாள். காற்றில்லாத அறையில் முப்பது பேர் நெருக்கியடித்து அமர்ந்து தைத்தார்கள் என்று நாளிதழ்கள் எழுதின. அவளும் சம்பாதித்தவள்தான். அவளைத் தன்னுரிமை பெற்றவள் என்று சொல்ல யாருக்கு நா எழும்?

நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் நிலை வேறு வகையானது. தந்தை இறந்தாலோ, வாணிகம் நொடித்தாலோ, கௌரவம் குலையாமல் அவள் செய்யக்கூடியதாக இருந்த வேலை ஏறத்தாழ ஒன்றே ஒன்று. செல்வர் வீட்டில் தங்கி அவர்தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியை வேலை அது. நாவலாசிரியை சார்லட் பிராண்டி 1841-இல் யார்க்‌ஷயரில் ஒரு வணிகர் வீட்டில் அவ்வேலையை ஏற்றார். ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம். அதில் துணி வெளுப்புக்கென்று 4 பவுன் பிடித்துக்கொள்ளப்பட்டது. எஞ்சிய 16 பவுனுக்குப் பகலில் பாடமும், மாலை விளக்கு வைத்தபின் மூட்டை மூட்டையாகத் தையலும். வீட்டாரோடு அமர்ந்து உண்ண அவள் குடும்பத்தாள் அல்லள். சமையற்கட்டில் அமர்ந்து உண்ண அவள் வேலைக்காரியும் அல்லள். மாடியிலே தனியாகத் தட்டு வரும். முதுமையில் நிராதரவாய் நின்ற இத்தகைய ஆசிரியைகளுக்கு உதவவென்றே 1840-களில் ஒரு தரும நிதி ஏற்பட்டது. அவர்களுக்கு முறையான கல்வியும் சான்றிதழும் தருவதற்கென 1848-இல் இலண்டனில் குவீன்ஸ் கல்லூரி திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் பெண் கல்வி வரலாற்றில் பெரிய அடி எனப்படும் அது, பசித்த ஆசிரியைகளின் கண்ணீரிலிருந்து பிறந்தது என்பதை நாம் நினைவில் வைக்கத்தான் வேண்டும்.

இந்த ஆசிரியைக்கு ஒரு வசதி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் மணமாகாதவள், ஆகவே, அந்த 16 பவுன் அவளுடையது. வயிறார உண்ணும் ஒரு செல்வரின் மனைவிக்குச் சட்டப்படி அதுவும் இல்லை. வறுமையில் உழல்பவளிடம் உரிமை இருந்தது. வாழ்வு இருந்தவளிடம் உரிமை இல்லை. இரண்டும் ஒருங்கே இருந்த பெண்ணைத் தேடினால், கையில் பொருளுள்ள கைம்பெண்ணையே காட்ட வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் சட்டத்தைப் பற்றி இதைவிடக் கடுமையாக வேறென்ன சொல்வது?

கணவர் கொடியவராய் இருந்தால்தானே இந்தச் சட்டம் கொடியதாகும் என்று சிலர் கேட்கலாம். அன்றும் கேட்டார்கள். அதற்கு விடையாக ஒரு நல்ல கணவரின் கதையைச் சொல்வோம். எலிசபெத் கேஸ்கல் என்னும் நாவலாசிரியைக்கு 1850-இல் சார்லஸ் டிக்கன்சின் இதழிலிருந்து ஒரு கதைக்காக 20 பவுன் வந்தது. மான்செஸ்டரில் சமயப் பணி செய்துவந்த அவர் கணவர் பண்பாளர். மனைவியின் எழுத்தை ஊக்குவித்தவர். அவர் அந்தப் பணத்தை வாங்கி இயல்பாகத் தம் சட்டைப்பையில் இட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டாராம். அம்மையார் தோழிக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அச்சிரிப்பில் கசப்பு இருந்ததா இல்லையா என்று நாம் ஆராய வேண்டியதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1865-இல், அவர் தம் எழுத்தின் வருவாயைக் கொண்டு ஹாம்ப்ஷயரில் ஒரு வீட்டை வாங்கினார், கணவருக்குச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னர் வியப்பளிக்க எண்ணியிருந்தார் என்பார்கள். சொல்லுவதற்கு முன்னரே, அதே ஆண்டு நவம்பரில், அந்த வீட்டிலேயே உயிர் பிரிந்தது. அன்புள்ள கணவரோடு வாழ்ந்த, நாடறிந்த ஓர் அறிவாட்டி, தம் பொருளில் ஒரு வீடு வாங்குவதை மறைவாகச் செய்ய நேர்ந்ததே! நல்லவர் கையில் இருக்கும்போது நமக்கு நோவதில்லை. ஆயினும் இருப்பது அவர் கையில்தான்.

நம்மவர்க்குத் தெரிந்த ஒருவர் இதே பாடத்தை முப்பது ஷில்லிங் கொடுத்துக் கற்றார். சென்னை அடையாற்றில் வாழ்ந்து 1933-இல் மறைந்த அன்னி பெசன்ட் அம்மையாரைத்தான் சொல்கிறோம். 1867-இல் அவர் ஒரு பாதிரியாரை மணந்தார். மணமான முதல் ஆண்டுகளில் அவர் எழுதிய கதை ஒன்றை ஒரு வார இதழ் ஏற்று, முப்பது ஷில்லிங் அனுப்பியது. வாழ்க்கையில் தாமாக ஈட்டிய முதற்பணம். நன்றி பெருகி மண்டியிட்டுத் தொழுதாராம். அந்தப் பணம் சட்டப்படி தம்முடையது அன்று, கணவருடையது என்பது பின்னரே அவருக்குத் தெரியவந்தது. பணத்தேவை அப்போது பெரிதாக இல்லை. தமக்கென்று கொடுக்கத் தம்மிடம் ஒன்று இருக்கிறது என்ற மகிழ்ச்சியே பறிபோயிற்று என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பொருள் என்பது வாங்குவதற்கு மட்டும் அன்று. கொடுப்பதற்கும் அதுவே கருவி. தனதென்று ஒன்றில்லாதவள் தருமம் செய்யவும் இயலாதவள். அறம் செய்யும் ஆற்றலையே ஒருத்தியிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அவளை அறத்தின் உருவம் என்று பாடுவது எத்தகைய முறை?

இச்சட்டத்தை மாற்றப் பார்பரா லீ ஸ்மித் முதலான பெண்கள் 1856-இல் ஏறத்தாழ 26,000 கையொப்பங்களோடு நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். கையொப்பமிட்டவர்களில் கேஸ்கல் அம்மையாரும் ஒருவர். 1870-ஆம் ஆண்டுச் சட்டம், மனைவி உழைத்து ஈட்டிய கூலி அவளுடையதே என்றது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம், அவளுடைய சொத்து முழுவதையும் அவளுக்கே உரியதாக்கியது. மனுவுக்கும் முழு உரிமைக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள்.

இதைப் படிக்கும் வாசகர்களில் பலருக்கு ஒரு பெருமிதம் எழுவது இயல்பே. மனைவியின் உடைமை மனைவியினுடையதே என்பது நம் ஷரீஅத்தில் தொடக்கம் முதலே உள்ள விதி. பிரிட்டிஷார் 1874-இல் இந்தியாவுக்கென மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியபோது, இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களுக்கு அது பொருந்தாதென விலக்கி வைத்தார்கள். மணத்தால் மனைவியின் சொத்து கணவனுக்குப் போய்விடும் என்ற அவர்கள் நாட்டு விதி இங்கே இல்லை. பெருமிதம் இருக்கட்டும். நிக்காஹ் பதிவேட்டில் எழுதப்பட்ட மஹர் எத்தனை வீடுகளில் பெண்ணின் கையில் எண்ணி வைக்கப்பட்டது என்றும், தாய்வீட்டுப் பங்கை எத்தனை சகோதரிகள் உடன்பிறந்தார் முகம் கோணக்கூடாதென்று விட்டுக்கொடுத்தார்கள் என்றும் நம்மை நாமே கேட்டுக்கொண்டபின் அந்தப் பெருமிதத்தில் எவ்வளவு எஞ்சுகிறதோ, அவ்வளவு இருக்கட்டும். இங்கிலாந்துப் பெண்ணுக்கு உழைப்பு இருந்தது, சட்டம் இல்லை. நம் பெண்ணுக்குச் சட்டம் இருந்தது. கேட்கும் வாய் இருந்ததா?

கேட்டவர்கள் கொடுத்த விலையையும் மறைப்பதற்கில்லை. நார்ட்டன் அம்மையாரின் கணவர் 1836-இல் பிரதமர் மெல்போர்ன் பிரபுவோடு மனைவியைச் சேர்த்துப் பழிசுமத்தி வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் இருந்த இடத்தை விட்டு எழாமலே வழக்கைத் தள்ளினார்கள். ஆனால், மூன்று ஆண் பிள்ளைகளும் தந்தையிடமே நின்றார்கள். பிள்ளைகள் தந்தையின் உடைமை என்பது அன்றைய விதி. அம்மையார் ஓயாமல் எழுதினார். 1839-இல், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாய் கோரலாம் என்று சட்டம் வந்தது. பிள்ளைகளோ ஸ்காட்லாந்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். இங்கிலாந்துச் சட்டத்தின் கை அங்கே எட்டவில்லை. 1842-இல் கடைசிப் பிள்ளை குதிரையிலிருந்து விழுந்து நோயுற்றான். தாய் ஓடிவந்து சேர்வதற்குள் இறந்துவிட்டான். பெசன்ட் அம்மையாரிடமிருந்தும், அவருடைய நாத்திகக் கொள்கையையும் அவர் வெளியிட்ட நூலையும் காரணம் காட்டி, 1878-இல் மகளை நீதிமன்றம் பிரித்தது. மகள் வயது வந்தபின் தாயிடமே திரும்பினாள் என்பது வேறு செய்தி.

பொறுத்துக்கொண்டு கணவர் வீட்டிலேயே இருந்திருந்தால் பிள்ளைகளை இழந்திருக்க மாட்டார்களே. பொறுமை பேரறம் அல்லவா என்று கேட்பவர்களை நாம் அலட்சியப்படுத்தவில்லை. பொறுமையின் மேன்மையை நாம் அறிவோம். ஆனால், வாயில் திறந்திருக்கும் வீட்டில் ஒருத்தி துன்பத்தைத் தாங்கிக்கொண்டு தங்கினால் அதற்குப் பெயர் பொறுமை. வெளியே பூட்டப்பட்ட வீட்டில் இருப்பவளைப் பொறுமைசாலி என்று புகழ்வது, பூட்டியவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். நார்ட்டன் அம்மையார் ஆணும் பெண்ணும் சமம் என்று எங்கும் வாதாடவில்லை; அந்தக் கொள்கையை அவர் வெளிப்படையாகவே மறுத்தார். பாதுகாக்க வேண்டிய சட்டம் பாதுகாக்கவில்லை என்பதே அவர் முறையீடு. அவர் கொள்கைக்கு அப்பால் அவர் செயல் சென்றுவிட்டது. வரலாற்றில் அப்படி நிகழ்வது உண்டு.

பாதுகாப்பு என்ற அந்தச் சொல்லைப் பற்றி இன்னும் சிறிது பேசாமல் இதை முடிக்க மனமில்லை.

1842-இல் நிலக்கரிச் சுரங்கங்கள் பற்றி ஓர் அறிக்கை வந்தது. இடுப்பில் வாரும், கால்களுக்கிடையே சங்கிலியும் பிணைத்து, நாற்காலிலே தவழ்ந்து கரித்தொட்டியை இழுக்கும் பெண்களின் படங்கள் அதில் அச்சாகியிருந்தன. நாடு பதைத்தது. அதே ஆண்டு, பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்வதைச் சட்டம் தடுத்தது. அந்தச் சட்டம் வேண்டாததென்று சொல்லும் நெஞ்சுரம் நமக்கில்லை. ஆனால், மறுநாள் காலை அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்பதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. ஸ்காட்லாந்தின் சுரங்க ஊர்களில் கூலி நின்றது. வேறு வேலை இல்லை. லங்காஷயரில் சிலர் ஆண் உடை தரித்துக்கொண்டு மறுபடியும் இருளுக்குள்ளேயே இறங்கினார்கள். துன்பத்திலிருந்து அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1862-இல் கிரெக் என்பவர், பெண்கள் ஏன் மிகையாய்ப் போனார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1851-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு பிரிட்டனில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அதிகம் எனக் காட்டியது. அவர் கண்ட மருந்து, மணமாகாத பெண்களைக் கப்பலேற்றி ஆண்கள் மிகுந்த குடியேற்ற நாடுகளுக்கு அனுப்புவது! பண்டம் தேங்கிய கிடங்கைக் காலி செய்யும் வணிகரின் கருணை அது. விரும்பிக் கப்பலேறி, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொண்ட பெண்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசவில்லை.

1888-ஆம் ஆண்டு ஜூலையில் கிழக்கு இலண்டனின் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தது பலரும் அறிந்த செய்தி. ஆலையின் அபராதங்களையும் கொடுமைகளையும் பெசன்ட் அம்மையார் தம் இதழில் எழுத, அது பொய்யென்று கையொப்பமிடுமாறு நிர்வாகம் கேட்க, அவர்கள் மறுத்தார்கள். சுமார் 1,400 பேர் வெளியே வந்தார்கள். அம்மையார்தான் அவர்களைத் தூண்டினார் என்று சொல்வது மரபாகிவிட்டது. உண்மையில் அவர் வேலைநிறுத்தம் செய்யச் சொல்லவில்லை. அவர்களே வெளியேறி, பிறகு அவரைத் தேடி வந்தார்கள். அபராதம் ஒழிந்தது, சங்கம் அமைந்தது. எழுத்தறிவு குறைந்த அந்தச் சிறுமியர் ஒரு தாளில் கைநாட்ட மறுத்ததை, நார்ட்டன் அம்மையாரின் மடலுக்குச் சற்றும் குறைவாக நாம் மதிக்கவில்லை.

வாக்லி என்ற அந்தத் தையற்பெண்ணைச் சட்டம் காத்திருக்க வேண்டாமா என்று கேட்டால், ஆம், காத்திருக்க வேண்டும் என்போம். இத்தனை மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக்கூடாது என்று முதலாளியின் கையைப் பிடிக்கும் சட்டம் ஒன்று. நீ பெண், ஆகையால் இந்த வேலைக்கு வராதே என்று உழைப்பாளியின் கையைத் தட்டிவிடும் சட்டம் மற்றொன்று. இரண்டுக்கும் பாதுகாப்பு என்றே பெயரிட்டார்கள். இந்த வேறுபாட்டை அறிஞர்களைவிடத் தெளிவாக உணர்ந்தவர்கள் விகன் நகரத்துச் சுரங்கவாய்ப் பெண்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நிலத்தடியில் தடை வந்தபின், மேலே வரும் கரியைச் சலித்துக் கல் பொறுக்கும் வேலையில் அவர்கள் நிலைத்திருந்தார்கள். தலையில் துணி, காலில் மரச்செருப்பு, குட்டைப் பாவாடைக்குள் ஆண்களைப்போல் காற்சட்டை. அந்தக் காற்சட்டை நாகரிகர்களின் கண்ணை உறுத்தியது. பெண்மைக்கு இழுக்கு என்று கூறி, 1880-களில் அவர்களை அந்த வேலையிலிருந்தும் விலக்க முயற்சி நடந்தது. 1887-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர்களில் ஒரு குழுவினர் இலண்டனுக்கு ரயிலேறினார்கள். உள்துறை அமைச்சரைக் காணத் தங்கள் வேலை உடைகளையும் கொண்டு சென்றிருந்தார்கள். வேலை கடினம்தான், ஆனால் அது எங்கள் வேலை, எங்களிடமிருந்து எடுக்காதீர்கள் என்பதே அவர்கள் சொல்ல வந்தது. தடை நிறைவேறவில்லை. அவர்கள் ஊர் திரும்பிச் சல்லடைகளின் முன் நின்றார்கள். அவர்கள் வழிவந்தவர்களில் கடைசிப் பெண்கள் கம்பர்லாந்துச் சுரங்கம் ஒன்றின் வாயிலிலிருந்து ஓய்வு பெற்றது 1972-இல்.